முத்துப்பிள்ளை: கழுவின பிறகும் ஏன் கிளினிக்குக்கு வரச் சொல்லுகினம்?

"பிள்ளையே இல்லையெண்டால் எனக்கேன் மிஸ்ஸி இவ்வளவு சத்தி வந்தது?"

முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்று சொல்லப்பட்டவுடன் வாயில் வருகிற கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. மாதவிடாய் தள்ளிப் போயிருக்கிறது. பாமசியில் வாங்கின பட்டியில் இரண்டு கோடு விழுந்திருக்கிறது. மிட்வைஃப் வீட்டுக்கு வந்து பதிந்து அட்டையும் தந்துவிட்டுப் போயிருக்கிறா. சத்தியென்றால் சாதாரண சத்தி இல்லை, தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை. "சத்தி கூடவெண்டால் பிள்ளை நல்லாய்ப் பிடிச்சிருக்கு" என்று மாமி தைரியம் சொன்னா. பிறகு ஸ்கான் அறையில் டொக்டர் திரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதிலை பிள்ளை இல்லையம்மா" என்கிறார்.

அப்போ இவ்வளவு நாளும் வயிற்றில் இருந்தது என்ன?

சத்தியும் பட்டியில் விழுந்த இரண்டாவது கோடும் பிள்ளையால் வருவதில்லை. பிள்ளைக்குச் சாப்பாடு ஊட்டப்போகிற இளங்கொடியால் வருகிறவை அவை. பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகத்தில் சூல்வித்தகம் என்று படித்திருப்பீர்களே, அதுதான். அதை உண்டாக்குகிற கலங்கள் எச்.சி.ஜி. என்றொரு ஓமோனைச் சுரக்கும். கர்ப்பப் பட்டி கண்டுபிடிப்பது அந்த ஓமோனைத்தான், பிள்ளையை அல்ல. முத்துப்பிள்ளையில் பிள்ளை வளராது, இளங்கொடி மட்டும் மதம்பிடித்ததுபோல் வளரும். ஓமோன் கூடும், சத்தியும் கூடும். மாமி சொன்னது அரைவாசி சரி: ஏதோ நன்றாகத்தான் பிடித்திருக்கிறது, பிடித்தது பிள்ளை இல்லை.

இளங்கொடியில் விரல்போலச் சின்னச் சின்ன நீட்டங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. இந்த வருத்தத்தில் அவை நீர் கோத்து வீங்கிவிடும். ஊறவைத்த சவ்வரிசி அளவிலிருந்து முந்திரிகைப் பழ அளவுவரை, குலை குலையாகக் கிடக்கும். முத்து என்ற சொல் பொருந்துவது அதனால்தான். ஆஸ்பத்திரித் துண்டில் 'மோல்' என்றோ 'மோலர்' என்றோ எழுதியிருப்பார்கள். இலத்தீனில் திரிகைக் கல்லைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து வந்தது அது. உடம்பிலுள்ள மச்சத்துக்கும் இங்கிலீசில் அதே எழுத்துத்தான் என்பதால், துண்டைக் கைத்தொலைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு "மச்சத்துக்கே கான்சர்?" என்று குழம்புகிறவர்களும் உண்டு.

ஆற்றை பிழை?

ஒருவருடைய பிழையும் இல்லை. கரு உண்டாகிற அந்தக் கணத்திலேயே கணக்குப் பிழைத்துவிடுகிறது.

மரபணுக்களைச் சுமக்கிற இழைகளை நிறமூர்த்தம் என்பார்கள். சாதாரணமாக முட்டையில் 23 நிறமூர்த்தம், விந்தில் 23, மொத்தம் 46. முழு மோல் என்கிற வகையில் முட்டைக்குள் தாயின் பங்கு இல்லாமல் போயிருக்கும். உள்ளே போன ஒரு விந்து தன் 23ஐயே இரட்டித்து 46 ஆக்கிக்கொள்ளும், சிலவேளை இரண்டு விந்துகள் போய்ச் சேரும். எண்ணிக்கை சரியாக 46 வந்தாலும் எல்லாமே தகப்பன் வழி. பிள்ளை உருவாகத் தாயின் பங்கும் வேண்டும். தகப்பன் வழி மரபணுக்களின் உந்துதல் பெரும்பாலும் இளங்கொடியை வளர்ப்பதில்தான். அதனால் பிள்ளையில்லாத இளங்கொடி.

பகுதி மோல் வேறு. முட்டை சரியாக இருக்கும், ஆனால் அதற்குள் இரண்டு விந்து போய்விடும். 23உம் 23உம் 23உமாக 69. இதில் பிள்ளையின் சில பகுதிகள் உண்டாகலாம், ஆரம்பத்தில் இதயத் துடிப்புக்கூடத் தெரியலாம். ஆனால் அந்தப் பிள்ளை பிழைத்து வளராது.

தகப்பன் வழி என்று வாசித்தவுடன் தாய்வீட்டுக்கும் மாமிவீட்டுக்கும் இடையில் புது வழக்கொன்றைத் தொடங்கவேண்டாம். விந்தில் குறை என்று இதற்கு அர்த்தமில்லை. தண்ணீர்க் குடம் தூக்கினது, களை பிடுங்கினது, மோட்டர்சைக்கிளில் மேடுபள்ளத்தில் போனது, மத்தியானத்தில் காட்டுவழியால் வந்து பயந்தது, ஆரோ செய்வினை செய்தது ஒன்றும் காரணமில்லை. இப்படியான கதைகளைக் கேட்டுக் கேட்டே பல பெண்கள் தாங்கள் ஏதோ குற்றம் செய்ததுபோல் குனிந்துவிடுகிறார்கள்.

ஆருக்குக் கூடுதலாக வரும் என்பதில் இரண்டு விடயம் உறுதி. ஒன்று வயது. மிக இளவயதிலும் 40க்குப் பிறகும் வாய்ப்புக் கூடும், 45 தாண்டினால் இன்னும் கூடும். மற்றது, முன்னர் ஒருமுறை வந்திருப்பது. மேலை நாடுகளில் ஏறக்குறைய ஆயிரம் கர்ப்பத்துக்கு ஒன்று என்கிறார்கள். ஆசியாவில் அதைவிடக் கூடுதலாகவே பதிவாகி வந்திருக்கிறது. ஆகவே இது ஊரில் ஒருவரும் கேள்விப்படாத அதிசயம் இல்லை. பேசாமல் மறைப்பதால்தான் அதிசயம்போல் தெரிகிறது.

எப்படித் தெரியவரும்?

மூன்று மாதத்துக்குள் இரத்தம் படுவதுதான் முதன்மையான அறிகுறி. பளிச்சென்ற சிவப்பாகவும் இருக்கலாம், கறுத்த கபில நிறத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நாட்கணக்கில் போகவும் செய்யலாம். சிலவேளை அதோடு முத்துமுத்தாக விழும். வயிறு நாளுக்கு மிஞ்சிப் பெருத்திருக்கும்: இரண்டரை மாதம் என்று கணக்கிருக்க, தடவிப் பார்த்தால் நாலு மாதம்போல் இருக்கும். மிட்வைஃப் முதலில் சந்தேகப்படுவது பலவேளை இதை வைத்துத்தான்.

ஓமோன் மிதமிஞ்சியதால் வருகிற சிக்கல்கள் சில உண்டு. எச்.சி.ஜி. தைரொயிட்டைத் தூண்டுகிற ஓமோனைப்போன்ற உருவம் கொண்டது. அளவு மிகக் கூடினால் தைரொயிட்டையும் தட்டி எழுப்பிவிடும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும். சூலகங்களில் பெரிய நீர்க்கட்டிகள் வரலாம். அவற்றைக் கண்டு பயந்து வெட்ட நிற்கத் தேவையில்லை, ஓமோன் இறங்க ஒரு சில மாதங்களில் தாமாகவே வற்றிவிடும். 20 கிழமைக்கு முன்பே இரத்த அழுத்தம் ஏறிச் சிறுநீரில் புரதம் போனால் டொக்டர்மாரின் நினைவில் முத்துப்பிள்ளை வரவேண்டும், ஏனென்றால் வழமையான கர்ப்பத்தில் அந்த வருத்தம் அவ்வளவு முந்தி வருவதில்லை. ஒரு வேடிக்கையும் உண்டு. ஓமோன் எல்லை கடந்து கூடினால் கர்ப்பப் பட்டியே திணறிப்போய் 'இல்லை' என்று காட்டிவிடலாம். அரிதுதான், ஆனால் பட்டியை மட்டும் நம்பி வீட்டில் இருக்கக்கூடாது என்பதற்கு இது போதும்.

ஸ்கானில் கருப்பை நிறையப் புள்ளிபுள்ளியாகத் தெரியும். மருத்துவப் புத்தகங்கள் அதைப் பனிப்புயல் என்கின்றன. வன்னியில் பனிப்புயலை ஆர் கண்டது? பழைய ரீவியில் அன்ரனா திரும்பினால் இரைச்சலோடு ஒரு புள்ளிமழை பெய்யுமே, அது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போதெல்லாம் எட்டு, ஒன்பது கிழமையிலேயே ஸ்கான் செய்துவிடுவதால் அந்தப் படம் அவ்வளவு தெளிவாக விழுவதில்லை. பகுதி மோலோ ஸ்கானில் பெரும்பாலும் சாதாரணமாக அழிந்துபோன கருவைப்போலவே தெரியும். அதனால் ஸ்கானோடு இரத்தத்தில் எச்.சி.ஜி. அளவும் பார்க்கிறார்கள். ஒரு இலட்சத்துக்கு மேலே போனால் சந்தேகம் வலுக்கும். ஆனால் கடைசித் தீர்ப்புச் சொல்லுவது, வெளியே எடுத்த சதையை நுணுக்குக்காட்டியில் பார்க்கிற நோயியல் நிபுணர்தான். பி57 என்ற புரதத்துக்கு ஒரு சாயச் சோதனையும் இருக்கிறது. அந்தப் புரதம் தாய்வழி மரபணுவிலிருந்து வருவது என்பதால் முழு மோலில் அது காணாமல் போயிருக்கும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். கரு வீட்டிலேயே அழிந்து விழுந்தால் எங்கள் பக்கத்தில் அதை வளவுக்குள் தாட்டுவிடுவது வழக்கம். துக்கத்தில் செய்வது, விளங்குகிறது. ஆனால் விழுந்ததை ஒரு சுத்தமான போத்தலில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அது வெறும் கருச்சிதைவா மோலா என்று பார்க்க முடியும். முடியாமல் போயிருந்தால், மூன்று கிழமை கழித்துக் கர்ப்பப் பட்டி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் இரண்டு கோடு விழுந்தால் உடனே கிளினிக்.

கழுவுறது

மயக்கத்தில் வைத்து, கருப்பைக்குள் மெல்லிய குழாய் செலுத்தி உறிஞ்சி எடுப்பார்கள். எங்கள் ஆட்கள் 'கழுவுறது' என்பது இதைத்தான். குளிசை வைத்து வெளியேற்றுவதை இந்த வருத்தத்தில் முடிந்தவரை தவிர்ப்பார்கள். இரத்தப்போக்குக் கூடும், கருப்பை இறுகிச் சுருங்கும்போது அந்தத் திசுக்கள் இரத்தக் குழாய்களுக்குள் தள்ளப்படலாம் என்ற பயமும் உண்டு. பகுதி மோலில் பிள்ளையின் பகுதி குழாயில் வராத அளவு பெரிதாக இருந்தால் வேறு முறை தேவைப்படலாம்.

இந்தக் கருப்பை ஊறிய மண்போல மெத்தென்று இருக்கும், இரத்தமும் நிறையப் போகும். அதனால் கழுவ முன்னர் இரத்த வகை பார்த்து, இரத்தம் ஆயத்தமாக வைத்து, தைரொயிட் பார்த்து, நெஞ்சு எக்ஸ்றே எடுத்துத்தான் உள்ளே கொண்டுபோவார்கள். கிட்டவுள்ள சின்ன ஆஸ்பத்திரியில் செய்யாமல் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அனுப்புவது இதனால்தான், அலைக்கழிக்க இல்லை. நெகட்டிவ் இரத்த வகைக்காரர் என்றால், அடுத்த பிள்ளைக்குப் பாதுகாப்பாகப் போடுகிற அன்ரி-டி ஊசி பற்றி ஞாபகமாகக் கேளுங்கள். வீட்டில் இருக்கும்போதே இரத்தம் கொட்டத் தொடங்கினால் வாகனம் தேடி அலையாமல் 1990க்கு அடியுங்கள், அம்புலன்சுக்குக் காசு இல்லை.

பிள்ளைகள் போதும் என்ற வயதிலுள்ளவர்களுக்குக் கருப்பையையே அகற்றுவதும் ஒரு வழி. ஆனால் அதைச் செய்தாலும் பிறகு வருகிற இரத்தச் சோதனையிலிருந்து தப்ப முடியாது.

அயலில் சிலர் குசுகுசுப்பார்கள்: "கலைச்சுப்போட்டு வந்திருக்கிறாள்." இலங்கைச் சட்டத்தில் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்புக்கு இடமுண்டு என்பதால் அந்தச் சொல்லில் ஒரு பயமும் ஒட்டியிருக்கிறது. முழு மோலில் கலைக்கிறதுக்குப் பிள்ளையே இல்லை. கேட்கிறவர்களுக்கு அதை அப்படியே சொல்லலாம், சொல்லாமலும் விடலாம்.

எண் இறங்கவேணும்

இனித்தான் விடயமே இருக்கிறது. இரத்தம் நின்றுவிட்டது, சத்தி நின்றுவிட்டது, சோறு இறங்குகிறது. பெண்ணுக்கும் வீட்டுக்கும் எல்லாம் முடிந்த மாதிரி. ஆனால் கழுவி எடுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத சில கலங்கள் கருப்பைச் சுவரில் ஒட்டிக்கொண்டு மிஞ்சலாம். ஒன்று அவை தாமாகவே வாடிப்போகும், பெரும்பாலானோருக்கு அதுதான் நடக்கிறது. அல்லது திரும்ப வளரத் தொடங்கும். எது நடக்கிறது என்று ஸ்கானோ வயிற்றைத் தடவிப் பார்ப்பதோ நேரத்தோடு சொல்லாது. எச்.சி.ஜி. சொல்லும். அந்தக் கலங்கள் இருந்தால் அந்த ஓமோன் இருக்கும், இல்லாவிட்டால் இராது. வேறெந்த வருத்தத்துக்கும் இவ்வளவு விசுவாசமான காட்டி கிடைப்பது அரிது.

இரணைமடு வான்கதவுப் பக்கம் நின்று குளத்தின் அளவுகோலைப் பார்த்திருப்பீர்கள். கோடையில் தண்ணீர் கிழமைக்குக் கிழமை இறங்கிக்கொண்டு வரும். ஒரு கிழமை கொஞ்சமாக இறங்கும், இன்னொரு கிழமை கூட இறங்கும், அதில் பயமில்லை. ஆனால் மழை ஒரு துளிகூட இல்லாத ஆடியில் மட்டம் அசையாமல் நின்றாலோ ஏறினாலோ எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது என்றுதானே அர்த்தம்? எச்.சி.ஜி.யும் அப்படித்தான். உதாரணத்துக்கு ஒருவருக்கு 2,40,000, 18,000, 2,100, 310, 45, 4 என்று போகலாம். 5க்குக் கீழே வந்தால் வழமை நிலை. பலருக்கு இதற்கு இரண்டு மாதம் அளவில் பிடிக்கும்.

கிழமைக்கொரு தரம் அல்லது இரண்டு கிழமைக்கொரு தரம் இரத்தம் எடுப்பார்கள். வழமைக்கு வந்த பிறகும் உடனே விடமாட்டார்கள். பகுதி மோல் என்றால் இன்னும் ஒரு மாதம் கழித்து ஒருமுறை பார்த்துவிட்டு விடுவது இப்போதைய போக்கு. முழு மோல் என்றால் மாதத்துக்கொரு தரம் மூன்று மாதமோ ஆறு மாதமோ, ஆஸ்பத்திரியின் நடைமுறையைப் பொறுத்தது. முடிந்தவரை ஒரே ஆய்வுகூடத்தில் செய்யுங்கள். ஒரு தரம் அரச ஆஸ்பத்திரி, மறுதரம் தனியார் லாப் என்று மாற்றினால் இயந்திர வித்தியாசமே ஏற்ற இறக்கமாகத் தெரிந்து வீணாகப் பயமுறுத்தும்.

கேட்க இலகு. துணுக்காயிலிருந்தோ நெடுங்கேணியிலிருந்தோ காலை பஸ் பிடித்து, இரத்தம் கொடுத்து, றிப்போட்டுக்கு இன்னொரு நாள் வந்து, அந்த இரண்டு நாள் கூலியையும் விடுவது இலகு இல்லை. அருவிவெட்டுக் காலமென்றால் கேட்கவே வேண்டாம். ஆடைத் தொழிற்சாலையில் நிற்கிற பிள்ளைகளுக்கு லீவு கேட்பது அதைவிடக் கஷ்டம், காரணத்தை வேறு மேற்பார்வையாளருக்குச் சொல்லவேண்டும். ஆகவே கிளினிக் நாளில் வாய்விட்டுக் கேளுங்கள்: கிட்டவுள்ள ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்து அனுப்ப வசதியுண்டா, றிப்போட்டைத் தொலைபேசியில் சொல்லுவார்களா? உங்கள் மிட்வைஃபிடமும் சொல்லி வையுங்கள். பிள்ளை இல்லையென்றவுடன் அவவின் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து அவவைக் கண்டு ஒளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த ஆறு மாதமும் அவதான் உங்களுக்குப் பெரிய துணை.

எண்கள் எல்லாவற்றையும் திகதியோடு ஒரு கொப்பியில் நீங்களே எழுதுங்கள். இடப்பெயர்வில் அட்டையும் துண்டும் எல்லாம் கைவிட்டுப்போன சனம் நாங்கள். முதல் கர்ப்பத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் "கழுவினவை" என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லாத பெண்கள் இங்கே இருக்கிறார்கள்.

இந்த நாட்களில் கர்ப்பம் தரிக்கக்கூடாது. புதுக் கர்ப்பம் உடம்புக்கு நஞ்சு என்பதற்காக அல்ல. புதுக் கர்ப்பத்திலும் எச்.சி.ஜி. ஏறும், பிறகு ஏறுவது பிள்ளையாலா வருத்தத்தாலா என்று பிரிக்கவே முடியாது. மாரி மழை தொடங்கிய பிறகு குளத்து மட்டத்தை வைத்து ஊற்றைத் தேட முடியுமா? கர்ப்பத்தடைக் குளிசை, ஊசி எல்லாம் கழுவின உடனேயே தொடங்கலாம். கருப்பைக்குள் வைக்கிற லூப் மட்டும் எண் வழமைக்கு வருமட்டும் கூடாது. இதைக் கணவனும் சேர்ந்து இருக்கும்போது டொக்டர் சொல்லுவது நல்லது. பெண் மட்டும் வீட்டில் வந்து சொன்னால் அது அவளுடைய சாட்டாகப் போய்விடுகிறது.

எண் இறங்காவிட்டால்

முழு மோல் வந்த 100 பேரில் 15 முதல் 20 பேருக்கு எண் நின்றுவிடும் அல்லது ஏறும். பகுதி மோலில் 5 பேருக்கும் குறைவு. மூன்று கிழமைக்குள் எடுத்த நான்கு சோதனையிலும் ஏறக்குறைய அதே எண், அல்லது இரண்டு கிழமைக்குள் மூன்று சோதனையிலும் ஏறுமுகம் என்றால் மருந்து தொடங்கவேண்டிய நிலை. இதில் கருப்பைச் சுவருக்குள் துளைத்துப் போகிற வகையும் உண்டு, கோரியோகார்சினோமா என்ற புற்றுநோயும் உண்டு. பரவினால் கூடுதலாகப் போவது நுரையீரலுக்கு. விடாத இரத்தப்போக்கு, இருமலில் இரத்தம், மூச்சு வாங்கல், புதிதாக வந்த தலையிடி இவற்றுக்கு அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்கக்கூடாது. கோரியோகார்சினோமா சாதாரணப் பிரசவத்துக்குப் பிறகும் கருச்சிதைவுக்குப் பிறகும்கூட அரிதாக வரும். மாதக்கணக்காக இரத்தம் நிற்காவிட்டால் "பச்சை உடம்பு" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள்.

தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ மகரகமவிலுள்ளதுக்கோ துண்டு எழுதினால் பாதி உயிர் போய்விடுகிறது. மகரகம என்ற ஊர்ப் பெயரே எங்கள் வாயில் ஒரு வருத்தத்தின் பெயராகிவிட்டது. இந்த வருத்தத்தில் அந்தப் பயம் பெரும்பாலும் பொருந்தாது. வயது, முந்திய கர்ப்பம், எண்ணின் அளவு, பரவிய இடம் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை 6 வரை என்றால் ஆபத்துக் குறைந்த வகை. மெதோட்ரெக்சேற் என்ற ஒரே மருந்து ஊசியாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான்கு தரம், இடைநாட்களில் அந்த மருந்தின் கடுமையைத் தணிக்கிற போலினிக் அமிலம், இரண்டு கிழமைக்கொரு சுற்று. வாய்ப்புண் வரலாம், தலைமயிர் அநேகமாகக் கொட்டாது. இந்த மருந்து சிலருக்குப் போதாமல் போனாலும் வேறு மருந்து கொடுத்து ஏறக்குறைய எல்லோரையும் சுகமாக்கிவிடுகிறார்கள். 7உம் அதற்கு மேலும் என்றால் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பார்கள், அதிலும் பத்தில் ஒன்பது பேர்போலத் தப்புகிறார்கள்.

இந்த மருந்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1956இல் அமெரிக்காவின் தேசிய புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியு லீ என்ற சீன வைத்தியரும் ரோய் ஹேட்ஸ் என்பவரும், நுரையீரல்வரை பரவிய கோரியோகார்சினோமாவுக்கு மெதோட்ரெக்சேற் கொடுத்தார்கள். எக்ஸ்றேயில் கட்டிகள் மறைந்துபோயின. எல்லோரும் நிறுத்தச் சொன்னார்கள். சிறுநீரில் எச்.சி.ஜி. இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது, அது முற்றாகப் போகுமட்டும் நிறுத்தமாட்டேன் என்று லீ நின்றார். கட்டி தெரியாதபோதும் நஞ்சு கொடுக்கிறான் என்று அவருடைய வேலையே போனது. பிற்பாடு பார்த்தால், மருந்தை முந்தி நிறுத்தியவர்களுக்கு வருத்தம் திரும்ப வந்திருந்தது, எண் முற்றாக இறங்குமட்டும் மருந்து வாங்கியவர்கள் சுகமாக இருந்தார்கள். 1972இல் லீக்கும் ஹேட்சுக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது கிடைத்தது. இன்றைக்கும் எண் வழமைக்கு வந்த பிறகு இன்னும் சில கிழமை மருந்தைத் தொடருவது அந்தப் பிடிவாதத்தின் தொடர்ச்சிதான்.

அடுத்த பிள்ளை

தங்கும். இதைக் கேட்கத்தான் பலர் இவ்வளவையும் வாசித்திருப்பீர்கள். மருந்து தேவைப்படாதவர்கள் சோதனைக் காலம் முடிந்தவுடன் முயற்சிக்கலாம், மருந்து வாங்கியவர்கள் முடிந்து ஒரு வருடம் பொறுக்கவேண்டும். திரும்பவும் மோல் வருவது ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கு. இரண்டு முறை வந்தவர்களுக்கு மட்டும் அந்த வாய்ப்பு நன்றாகக் கூடும், அவர்களில் சிலருக்குப் பரம்பரைக் காரணம் இருக்கலாம் என்பதால் நிபுணரைக் காணவேண்டும்.

அடுத்த முறை மாதவிடாய் தள்ளிப்போனால் கிளினிக் நாளைப் பார்த்திருக்காமல், ஆறு, ஏழு கிழமையிலேயே ஸ்கானுக்குப் போங்கள். கொப்பியையும் பழைய நோயியல் றிப்போட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். திரையில் டொக்டர் முதலில் தேடப்போவது ஒரு துடிப்பை. அது தெரிந்தால் அவரே திரையை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார்.